ஜப்பானில் நிலம் அதிர்ந்தால் நண்பரை எப்படித் தேடுவது?

கேள்வி இது: நவம்பரில் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, கனசாவா ஆகிய ஊர்களைச் சுற்றிப் பார்க்கத் திட்டம். கல்லூரித் தோழர் ஒருவர் மனைவி, குழந்தையுடன் டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் வசிக்கிறார். நோட்டோ நிலநடுக்கச் செய்தியைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் விருப்பமில்லை. கனசாவாவையாவது விட்டுவிடச் சொல்கிறார். அங்கே இருக்கும்போது பெரிய நிலநடுக்கம் வந்தால் நண்பரின் வீட்டுக்குப் போய்விடலாமா? நான் ஊரில் இருக்கும்போது அவர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

தாராளமாகப் போய் வாருங்கள். டோக்கியோவில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் டிக்கெட் எடுக்கும் அதே வாரத்தில் உங்கள் நண்பருடன் அரைமணி நேரம் பேசி, அவரவர் எங்கே போவது, யாருக்கு எப்படித் தகவல் சொல்வது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பேரிடர் நேரத்தில் பாசத்தால் ஒருவரையொருவர் தேடிக் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் ஆபத்தில் மாட்டுகிறார்கள். முன்கூட்டிப் பேசி வைத்திருந்தால் தேட வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

2011 மார்ச் 11 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். பிற்பகல் 2.46க்கு, அதாவது நம் நேரம் காலை 11.16க்கு, தொஹோகு கடற்பகுதியில் 9.0 அளவில் நிலம் அதிர்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் எல்லோரும் எல்லோருக்கும் போன் செய்தார்கள். நெரிசல் தாங்காமல், பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்று குரல் அழைப்புகளில் பத்துக்கு ஒன்பதைத் தடுத்து நிறுத்தியது. அந்தத் தடை சதி அல்ல, பழுதும் அல்ல. ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கு வழிவிடுவதற்காக வேண்டுமென்றே செய்யப்படுவது. இணையத் தரவுக்கான பாதையோ பெரும்பாலும் திறந்திருந்தது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் தாமதமாகவேனும் போய்ச் சேர்ந்தன. ஆகவே முதல் விதி: அதிர்ச்சிக்குப் பிறகு அழைக்காதீர்கள், எழுதுங்கள். ‘நான் நலம். இருக்கும் இடம் இது. அடுத்து இத்தனை மணிக்கு எழுதுகிறேன்’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். மூன்றாவது வாக்கியம்தான் வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டே இருப்பார்கள், உங்கள் பேட்டரியும் தீர்ந்துவிடும்.

இந்தச் செய்தியை நாற்பது பேருக்கு அனுப்பத் தேவையில்லை. ஊரில் பதற்றப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் அக்காவாக இருக்கலாம், நண்பரின் மைத்துனராக இருக்கலாம். நீங்களும் நண்பரும் அந்த ஒருவருக்கு மட்டும் எழுதுவது, மற்ற உறவினர் அனைவரும் அவரிடம் கேட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டால், ஜப்பானுக்குள்ளேயே நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள முடியாத நேரத்திலும் அவர் வழியாகச் செய்தி கைமாறும். வாட்ஸ்அப் மட்டும் போதாது. ஜப்பானில் எல்லோரும் பயன்படுத்தும் லைன் செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செயலி 2011 ஜூனில் வெளியானதே மார்ச் பேரிடரின் தொடர்ச்சியாகத்தான்.

எதுவுமே வேலை செய்யாவிட்டால், பேரிடர்க் காலத்தில் குரல் செய்தியைப் பதிந்து வைக்க உதவும் 171 என்ற எண் இருக்கிறது. ஜப்பானுக்குள் எந்தத் தொலைபேசியிலிருந்தும் 171ஐ அழுத்தி, பிறகு 1ஐ அழுத்தினால் செய்தியைப் பதிவு செய்யலாம். 2ஐ அழுத்தினால் பதிவைக் கேட்கலாம். நண்பரின் ஜப்பானியத் தொலைபேசி எண்தான் திறவுகோல்: அந்த எண்ணின் பெயரில் அவர் விட்டுவைத்த முப்பது விநாடிக் குரலை, எண் தெரிந்த எவரும் கேட்கலாம். இந்தியாவிலிருந்து 171ஐ அழைக்க முடியாது. ஆனால் வெப்171 என்ற அதன் இணைய வடிவத்தை எங்கிருந்தும் திறக்கலாம், ஆங்கிலத்திலும் இயங்கும். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் பொதுமக்கள் பழகிப் பார்ப்பதற்காக இதைத் திறந்துவிடுகிறார்கள். நீங்கள் அங்கே இருக்கும் நாட்களில் அந்தத் தேதி வந்தால், நண்பரின் குழந்தையை ஒரு செய்தி பதியச் சொல்லி நீங்கள் வேறு ஊரிலிருந்து கேட்டுப் பாருங்கள். செல்போன் அடங்கிவிட்டால் ரயில் நிலையங்களில் இன்னும் நிற்கும் பச்சை நிறப் பொதுத் தொலைபேசிகளைத் தேடுங்கள். பேரிடர்க் காலத்தில் அவற்றுக்கு முன்னுரிமை உண்டு. பெரிய பேரிடர்களில் அவற்றை இலவசமாகவே திறந்துவிடுகிறார்கள். நண்பரின் எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தால்தான் இது பயன்படும்.

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். நம் தொலைக்காட்சிகள் ‘ஜப்பானில் 7.6 ரிக்டர்’ என்று ஓடவிடும்போது நாடு முழுவதுமே சரிந்துவிட்டதாகத் தோன்றும். ஜப்பானியர்கள் கேட்கும் முதல் கேள்வி அந்த எண் அல்ல, தங்கள் ஊரின் ஷிந்தோ என்ன என்பதுதான். நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றுதான். ஷிந்தோ ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் நிற்கும் தரை எவ்வளவு ஆடியது என்பதை 0 முதல் 7 வரை அது சொல்கிறது. 5க்கும் 6க்கும் கீழ், மேல் என்று இரண்டு படிகள் உண்டு. 2024 ஜனவரி 1 அன்று மாலை 4.10க்கு நோட்டோ தீபகற்பத்தில் வாஜிமா, ஷிகா ஆகிய ஊர்களில் ஷிந்தோ 7 பதிவானது. வீடுகள் நொறுங்கின, வாஜிமாவின் புகழ்பெற்ற காலைச் சந்தை எரிந்தது. அதே நேரத்தில் டோக்கியோவில் விளக்குகள் ஆடின, அவ்வளவுதான். அடுத்த முறை செய்தி வந்தால் ‘எந்த மாவட்டம், அங்கே ஷிந்தோ எவ்வளவு’ என்ற இரண்டை மட்டும் பார்க்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். 4 வரை என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். 6 அல்லது அதற்கு மேல் என்றால்தான் உங்கள் அக்காவின் போனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அதிரும் அந்த நிமிடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2007 முதல் பொதுமக்களுக்கான முன்னெச்சரிக்கை அங்கே நடைமுறையில் இருக்கிறது. வேகமாக வரும் முதல் அலையைக் கருவிகள் பிடித்து, சேதம் செய்யும் இரண்டாவது அலை வருவதற்குள் எல்லாப் போன்களையும் அலற வைக்கின்றன. கிடைப்பது சில விநாடிகள். மையத்துக்கு மிக அருகில் இருந்தால் அதுவும் இல்லை. வெளிநாட்டு சிம்முக்கு இந்த எச்சரிக்கை எப்போதும் வரும் என்று நம்பாமல், ஜப்பானிய சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் உருவான சேஃப்டி டிப்ஸ் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் இருந்தால் மேஜைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை விட்டு வெளியே ஓடாதீர்கள், விழும் கண்ணாடியும் விளம்பரப் பலகையும் தெருவில்தான் இருக்கின்றன. 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்ற கட்டடங்கள் புதிய நிலநடுக்க விதிகளின்படி கட்டப்பட்டவை. ஹோட்டல் பதிவு செய்யும்போது இதைக் கவனியுங்கள். பழைய மரவீட்டு விடுதிகளில் தங்க ஆசை இருந்தால், வலுப்படுத்தப்பட்டதா என்று நண்பரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 2011இல் தொஹோகு தடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஷின்கான்சென் பயணிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

ஆட்டம் நின்றதும் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2016 ஏப்ரல் 14 இரவு குமமோட்டோவில் 6.5 அளவில் நிலம் அதிர்ந்தது. அதுதான் பெரியது என்று நினைத்து வீடு திரும்பியவர்கள் உண்டு. 16ஆம் தேதி அதிகாலை 7.3 வந்தது, விரிசல் கண்டு நின்ற வீடுகள் இரண்டாவது அடியில் வீழ்ந்தன. முதல் வாரம் முழுவதும் படுக்கைக்கு அருகில் செருப்பு, டார்ச், பாஸ்போர்ட் மூன்றும் இருக்கட்டும்.

கடற்கரையில் இருந்தால் கதை வேறு. 2004 டிசம்பர் 26 காலை நம் கரையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. நாகப்பட்டினத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள், கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். சுமத்ராவிலிருந்து அலை நம்மை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஜப்பானில் அவ்வளவு நேரம் கிடைக்காது. நோட்டோவில் சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. நீண்ட நேரம் ஆடினால், அல்லது பலமாக ஆடினால், சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். கடலில் குளிப்பவர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியை அசைப்பார்கள். அதைக் கண்டால் கரையேறிய கையோடு உடமைகளைப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும்.

வடகிழக்கு ஜப்பானின் சன்ரிகு கடற்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுனாமிக்குப் பலி கொடுத்து ஒரு நடைமுறையைக் கற்றிருக்கிறார்கள். அலை வரும்போது தாய் பிள்ளையைத் தேடிப் போகக் கூடாது, பிள்ளை தாய்க்காகக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தான் நிற்கும் இடத்திலிருந்து நேரே மேட்டுக்கு ஓட வேண்டும். கேட்பதற்குக் கல்நெஞ்சமாகத் தெரியும். ஆனால் மற்றவரும் ஓடிவிட்டிருப்பார் என்ற உறுதி இருந்தால் மட்டுமே அப்படி ஓட முடியும். அந்த உறுதியை அமைதியான நாட்களில் பேசிப் பேசித்தான் உண்டாக்குகிறார்கள். அந்தக் கரையிலுள்ள கமைஷி நகரத்தில் 2011இல் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஆசிரியரின் உத்தரவுக்குக் காத்திராமல் ஓடத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடம் போதாது என்று தோன்றியதும் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அவர்கள் விட்டு வந்த பள்ளிகளை வெள்ளம் மூழ்கடித்தது. அந்த நகரின் கிட்டத்தட்ட 3,000 பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். நீங்களும் நண்பரும் பேசிக்கொள்ள வேண்டியது இதையேதான்: ‘உன்னைத் தேடி நான் வரமாட்டேன், என்னைத் தேடி நீயும் வராதே. இருவரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு எழுதுவோம்.’

இதனால்தான் ‘நண்பரின் வீட்டுக்குப் போய்விடலாமா’ என்ற கேள்விக்கு என் பதில், உடனே வேண்டாம் என்பது. 2011 மார்ச் 11 மாலை தலைநகர்ப் பகுதியில் சுமார் 50 லட்சம் பேர் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு அன்று முழுவதும் தலைநகர்ப் பகுதியில் ஜேஆர் நிறுவனத்தின் ரயில்கள் ஓடவில்லை. நடந்து போனவர்களாலும் வாகனங்களாலும் சாலைகள் அடைபட்டு ஆம்புலன்ஸ்கள் நின்றன. அந்த அனுபவத்துக்குப் பிறகு டோக்கியோ அரசு 2013இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது: நிறுவனங்கள் மூன்று நாட்களுக்கு உணவும் தண்ணீரும் வைத்து, ஊழியர்களை அங்கேயே தங்க வைக்க வேண்டும். உங்கள் நண்பரே அன்றிரவு அலுவலகத்தில்தான் படுத்திருப்பார். நீங்கள் ஹோட்டலில் இருந்தால் ஹோட்டலிலேயே இருங்கள். தெருவில் மாட்டிக்கொண்டால் இரண்டு வகை இடங்கள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்: பூங்கா, மைதானம் போன்ற திறந்தவெளி உடனடி ஆபத்திலிருந்து தப்பிக்க, பள்ளிக்கூடம், சமூகக் கூடம் போன்றவை இரவு தங்க. இரண்டாவது வகையில் வெளிநாட்டவருக்கும் இடம் உண்டு, யாரும் விரட்டமாட்டார்கள்.

நிஷி-கசாயைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், நெருங்கி வாழும் பகுதி அது. அது இருக்கும் எதோகாவா வட்டாரத்தின் பெரும்பகுதி, கடல் ஏற்றத்தின்போது நீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம். 2019இல் அந்த வட்டார நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில் ‘இங்கே இருக்கக் கூடாது’ என்றே அச்சிட்டிருந்தார்கள். பெருவெள்ளம் வந்தால் சில இடங்களில் 10 மீட்டர் வரை நீர் நிற்கும், வடிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், மாடியில் ஏறி உட்கார்ந்தாலும் மின்சாரமும் கழிவறையும் இல்லாமல் சிறைப்பட வேண்டியிருக்கும். தன் மக்களிடம் இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் பேசிய ஓர் அரசு அறிவிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த ஆண்டே அக்டோபர் 12 அன்று ஹகிபிஸ் சூறாவளி வந்தது. ஹகோனேயில் ஒரே நாளில் 922.5 மில்லிமீட்டர் மழை. எதோகாவாவில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வெளியேறும்படி அறிவுறுத்தினார்கள். முதல் நாள் மாலையே எங்கள் குடியிருப்பில் பால்கனித் துளசித் தொட்டிகள் குளியலறைக்குள் போயின, தொட்டிகள் போக மிச்சமிருந்த பாத்திரங்களிலெல்லாம் தண்ணீர் நிரம்பியது. கண்ணாடி ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினோம். சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அலமாரி துடைத்துவிட்டாற்போல் காலி, அரிசி மட்டும் இருந்தது. கீழ்வீட்டு ஜப்பானிய மூதாட்டி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல், பள்ளிக்கூடத்தின் படம் வரைந்து, எங்கள் கட்டடத்திலிருந்து அதற்கு அம்புக்குறி போட்ட காகிதத்தை ஒவ்வொரு இந்திய வீட்டுக் கதவிலும் செருகிவிட்டுப் போனார். எதோகாவா வட்டாரத்தை ஒட்டி ஓடும் அரகாவா ஆற்றின் கரை அன்று உடையவில்லை. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் எங்கள் குடியிருப்பில் பலர் முதல்முறையாக அந்தப் பள்ளிக்கு வழி தெரிந்துகொண்டார்கள். உங்கள் நண்பரிடம் இதையும் கேளுங்கள்: அபாய வரைபடம் வீட்டில் இருக்கிறதா, அண்டை வீட்டாரின் பெயர் தெரியுமா?

நவம்பரில் சூறாவளி அரிது. ஒருவேளை வந்தால், ரயில்களை நிறுத்தப்போவதை முதல் நாளே அறிவித்துவிடுவார்கள். அறிவிப்பு வந்ததும் மறுநாள் பயணத்தை மறந்துவிட்டு அறையில் இருங்கள். வெளியேற்ற எச்சரிக்கையில் ஐந்து நிலைகள் உண்டு; 4ஆம் நிலை என்றால் அபாயப் பகுதியில் இருக்கும் எல்லோரும் கிளம்பியாக வேண்டும், 5 என்றால் காலம் கடந்துவிட்டது.

பயணிகளுக்கு நான் அதிகம் எடுத்துச் சொல்வது 2018 செப்டம்பர் மாதத்தை. 4ஆம் தேதி ஜெபி சூறாவளியில் கடலுக்குள் கட்டிய கன்சாய் விமான நிலையம் நீரில் மூழ்கியது, கரையோடு இணைக்கும் பாலத்தில் எண்ணெய்க் கப்பல் மோதியது, ஆயிரக்கணக்கானோர் உள்ளேயே இரவைக் கழித்தார்கள். இரண்டு நாள் கழித்து அதிகாலை 3.07க்கு ஹொக்கைடோவில் நிலநடுக்கம். தீவு முழுவதும், சுமார் 29.5 லட்சம் வீடுகளில், ஒரே அடியாக மின்சாரம் போயிற்று. சப்போரோவில் ஏடிஎம் இல்லை, கார்டு இல்லை, போனுக்கு சார்ஜ் இல்லை. செய்கோமார்ட் என்ற உள்ளூர்க் கடைகள் கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, காஸ் அடுப்பில் சோறு வடித்து உருண்டை பிடித்து விற்றன. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆகவே சில்லறையாகப் பத்தாயிரம், இருபதாயிரம் யென்னும் ஒரு பவர் பேங்கும் எப்போதும் பையில் இருக்கட்டும். திரும்பும் விமானத்துக்கும் விடுமுறை முடிவதற்கும் இடையில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

நீங்கள் சைவம் என்றால் முகாம் உணவில் சிரமம் உண்டு. குழம்பு, நூடுல்ஸ் எல்லாவற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும். அங்கே ஆல்ஃபா அரிசி என்று ஒன்று விற்கிறார்கள், வெந்து உலர்த்திய சோறு. பொட்டலத்தைப் பிரித்து வெந்நீர் ஊற்றினால் கால் மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம், சோறு தயார். வெள்ளைச் சோற்றுப் பொட்டலம் நான்கை வாங்கிப் பெட்டியில் போட்டு, ஊரிலிருந்து பருப்புப் பொடி கொண்டுபோனால் இரண்டு நாளை ஓட்டிவிடலாம். பேரிடர் வராவிட்டால் நண்பரின் வீட்டு அவசரப் பையில் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119; போலீஸ் 110. ஜப்பான் தேசிய சுற்றுலா அமைப்பின் உதவி எண் 050-3816-2787, இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். டோக்கியோவில் இந்தியத் தூதரகமும் ஒசாகாவில் துணைத் தூதரகமும் உள்ளன. அவற்றின் பக்கங்களைப் பின்தொடர்ந்தால் அறிவிப்புகள் உடனே தெரியும். 2011இல் இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையிலிருந்து 46 பேர் மியாகி மாவட்டத்தின் ஒனகாவாவுக்குப் போய் உடல்களைத் தேடும் பணியில் நின்றார்கள். அந்தப் படை வெளிநாட்டுக்குப் போனது அதுவே முதல்முறை.

வதந்திகளுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். 2025 ஜூலையில் பேரழிவு வரும் என்ற ஒரு ‘தீர்க்கதரிசனம்’ பரவி, ஹாங்காங்கிலிருந்து விமானங்களே குறைந்தன. நாளும் இடமும் குறிப்பிட்டு நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது என்று ஜப்பான் வானிலை முகமை திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த முகமையே 2024 ஆகஸ்ட் 8 அன்று பசிபிக் கடலடியிலுள்ள நான்காய் பள்ளத்தில் பெரிய நிலநடுக்கத்துக்கான வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருப்பதாக முதல்முறையாக அறிவித்தது. ஒரு வாரம் மக்கள் தண்ணீர் சேர்த்து வைத்து, தப்பிக்கும் வழியைச் சரிபார்த்து, வேலையையும் தொடர்ந்தார்கள். அப்படியோர் அறிவிப்பு உங்கள் பயணத்தின்போது வந்தால் ஊருக்கு ஓடிவர வேண்டியதில்லை. கடலோரத் திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கனசாவாவை விட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வாஜிமாவிலிருந்து அது தொலைவு. நகரம் வழக்கம்போல் இயங்குகிறது. சந்தை எரிந்த பிறகு வாஜிமா வியாபாரிகள் முதலில் கடை விரித்தது அந்த ஊரில்தான், 2024 மார்ச்சில். வாஜிமா அரக்குக் கிண்ணங்கள் விலை கூடுதல்தான், ஆனால் வாங்கும் வசதி இருந்தால் அங்கே வாங்குங்கள். அந்தக் கைவினைஞர்களில் பலர் பட்டறையை இழந்தவர்கள், நீங்கள் கொடுக்கும் பணம் நேரே அவர்களுக்குப் போகும். நோட்டோவின் உட்பகுதிக்குப் போவதாக இருந்தால் மட்டும் சாலை நிலவரத்தை நண்பரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.